நடிகர் லீ வானெல் திரைக்கதையாசிரியராக எப்படி உயர்ந்தார்?

மெல்பர்னில் ஆர்எம்ஐடி பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதுதான், பின்னாளில் இயக்குநரான ஜேம்ஸ் வானுடன் பழக்கம். பிறகு ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சியின் 'ரிக்கவரி' நிகழ்ச்சியில் சினிமா விமர்சனம், 2003-ல் 'மேட்ரிக்ஸ் ரீலோடட்' படத்தில் சின்ன வேடம்.

திருப்பம் 'சா' என்ற திகில் படம். சொந்தக் காசில் எடுக்க நினைத்ததால் ஓர் அறை, இரண்டு பேர் என்று கதையைச் சுருக்கினார்கள். வானெல், வான் இருவரும் புதியவர்கள், எழுதிய தாளை மட்டும் நீட்டினால், தயாரிப்பாளர்கள் கதையை வாங்கிக்கொண்டு வேறு ஆட்களைப் போட்டுவிடுவார்கள். அதனால் ஒரு காட்சியைக் குறும்படமாக எடுத்தார்கள். வான் இயக்க, வானெலே நடித்தார். அது வேலை செய்தது. முழுப்படம் 18 நாளில் முடிந்து 2004-ல் வெளியாகி, வசூலில் 10 கோடி டாலரைத் தாண்டியது.

'இன்சிடியஸ்' (2010) படத்திலும் இதே உத்திதான்: எழுத்தும் அவரே, ஸ்பெக்ஸ் வேடமும் அவருக்கே. நடிகராக மட்டும் காத்திருந்திருந்தால் இவ்வளவு கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். 2015-ல் அதன் மூன்றாம் பாகத்தில் இயக்குநரானார். 'அப்கிரேட்' (2018), 'தி இன்விசிபிள் மேன்' (2020) இரண்டும் அவர் எழுதி இயக்கியவை.