50 கிலோவில் நின்றுபோன ஸ்குவாட்

எடை மாட்டும் இரும்புக் கம்பியான பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும் பயிற்சிதான் ஸ்குவாட். ஒரு தடவை குந்தி எழுந்தால் ஒரு ரெப், ஓய்வெடுக்காமல் தொடர்ந்து எடுக்கும் ரெப்புகள் சேர்ந்தது ஒரு செட். இனி திருப்பூர் வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

“வயசு 36 ஆச்சுங்க, எடை 61 கிலோ. பனியன் கம்பெனியில கணக்குப் பார்க்கறேன். ஒரு பையன், சுகப்பிரசவம். ஜிம்முக்குப் போக ஆரம்பிச்சு எட்டு மாசம். வெறும் பாரோட ஆரம்பிச்ச ஸ்குவாட் ஆறு மாசத்துல 50 கிலோவுக்கு வந்துச்சுங்க, அஞ்சஞ்சா மூணு செட். அதுக்கப்புறம் ரெண்டு மாசமா நகரவே இல்லை. வாரம் மூணு நாள், போனதும் 55 போட்டுப் பார்க்கறேன். ரெண்டு ரெப் வருது, மூணாவதுல உக்காந்துடறேன். கூடவே சேர்ந்த பசங்க 40-ல ஆரம்பிச்சு 90 போயிட்டாங்க. ‘லேடீஸுக்கு இவ்வளவுதான் வரும், லெக் பிரஸ்ஸுக்கு (உட்கார்ந்து காலால் எடையைத் தள்ளும் மெஷின்) போயிடுங்க’ன்னு டிரெய்னர் சொல்றாரு. ‘கர்ப்பப்பை எறங்கிப் போயிரும்’னு மாமியார் சொல்றாங்க. டயட்ல இருந்து ரெண்டு மாசத்துல 3 கிலோ குறைச்சிருக்கேன், அது ஒண்ணுதான் சந்தோஷம். நான் இதோட நின்னுக்கணுங்களா? பெல்ட் வாங்கினா சரியாகுங்களா?”

நின்றுவிட வேண்டாம். உங்கள் உடம்பு எல்லையைத் தொட்டுவிட்டது என்பதற்கு இந்தக் கடிதத்தில் ஓர் ஆதாரமும் இல்லை. கூட்டுகிற எடை பெரிதாக இருக்கிறது, சாப்பாடு சிறிதாக இருக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்திருக்கின்றன.

முதலில் கணக்கு. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இது சுலபம். ஒருவர் அதிகபட்சம் ஒரே ஒரு ரெப் எவ்வளவு தூக்குவார் என்பதைத் தோராயமாக அறிய ஒரு சூத்திரம் உண்டு: ரெப் எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து, 1-ஐக் கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். 50 கிலோவில் 5 ரெப் என்றால் 58 கிலோ சொச்சம். 55 கிலோவில் 2 ரெப் என்றால் அதுவும் 58 கிலோ சொச்சம். இரண்டு வழியிலும் விடை ஒன்றாகவே வருகிறது. அப்படியென்றால் உங்கள் இன்றைய பலம் அதுதான். 55-ல் 5 ரெப் எடுக்க அந்த எண் 64-ஐத் தொட வேண்டும். நடுவில் 6 கிலோ கிடக்கிறது. அதை ஒரே நாளில் தாண்டச் சொல்லி வாரத்துக்கு மூன்று முறை உடம்பைக் கேட்கிறீர்கள்.

ஏன் 55? உங்கள் ஜிம்மில் பாரில் மாட்ட இருக்கும் ஆகச் சிறிய பிளேட் (எடைத் தட்டு) இரண்டரைக் கிலோவாக இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். பக்கத்துக்கு ஒன்று போட்டால் 5 கிலோ ஏறிவிடும். 90 கிலோவில் நிற்கும் பையனுக்கு அந்த 5 கிலோ ஐந்தரை சதவீதம். உங்களுக்குப் பத்து சதவீதம். மருதமலைப் படிக்கட்டில் அவரை ஒவ்வொரு படியாக ஏறவிட்டு, உங்களை இரண்டிரண்டு படியாகத் தாவச் சொல்வது போலத்தான். பார்பெல் ஏற்றப் பழகும் பெண்களில் பலர் முதல் வருடத்திலேயே முட்டி நிற்பது இந்த இடத்தில்தான். அதைப் பார்த்துத்தான் “லேடீஸுக்கு இவ்வளவுதான்” என்ற பேச்சும் பிறக்கிறது.

அந்தப் பையன்களோடு ஒப்பிட்டீர்கள், அதையும் கணக்காகவே பார்ப்போம். அவர்கள் 40-லிருந்து 90. இரண்டே கால் மடங்கு. வெறும் பாரை 20 கிலோ என்று வைத்தால், நீங்கள் 20-லிருந்து 50, இரண்டரை மடங்கு. வெறும் பாரில் தொடங்கும் யாருமே அன்றைக்குத் தன் முழு பலத்தைக் காட்டியிருக்க மாட்டார்கள் என்பதால் இதை வைத்து யாரிடமும் பந்தயம் கட்ட வேண்டாம். ஆனால் ஆய்வுகள் சொல்வதும் இதே திசையில்தான் இருக்கிறது. மொத்த எடையில் ஆண்கள் அதிகம் தூக்குவார்கள், காரணம் அவர்களுக்குத் தசையின் அளவு அதிகம். தொடங்கிய இடத்திலிருந்து எத்தனை சதவீதம் முன்னேறினார்கள் என்று பார்த்தால், காலைப் பொறுத்தவரை ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம். பெண்களுக்கு ஒரு சாதகம் கூட உண்டு: தங்கள் உச்சத்தின் 70, 75 சதவீத எடையில் பெரும்பாலும் ஆண்களைவிடக் கூடுதல் ரெப் எடுப்பார்கள், செட்டுக்கு நடுவில் மூச்சும் சீக்கிரம் திரும்பும். அந்தச் சாதகத்தை உங்கள் இப்போதைய பயிற்சி தொடவே இல்லை.

இனிச் செய்ய வேண்டியது. ஒண்ணேகால் கிலோ பிளேட் ஒரு ஜோடி, அரைக் கிலோ பிளேட் ஒரு ஜோடி. ஜிம்மில் இல்லையென்றால் “சின்ன பிளேட் ஒரு ஜோடி வாங்கி வெச்சீங்கன்னா நல்லாருக்குங்ணா” என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நடக்கவில்லையென்றால் சொந்தமாக வாங்கிப் பையில் எடுத்துப் போங்கள். அரைக் கிலோ பிளேட் கிடைக்காவிட்டால், காலில் கட்டும் அரைக் கிலோ எடைப் பட்டையைப் பாரின் இரண்டு முனையிலும் இறுகச் சுற்றிக்கொண்டாலும் போதும்.

கூடவே ஒரு வேலை. உங்கள் ஜிம் பிளேட்டுகளை எடை போட்டுப் பாருங்கள். இரும்பு வார்க்கும் பவுண்டரிக்குப் பேர்போன சீமையில் இருந்துகொண்டு இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் வார்ப்பிரும்பு பிளேட்டில் பொறித்திருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் எடையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பாரும் அப்படித்தான். ஒலிம்பிக் பளுதூக்குதலில் ஆண்கள் பார் 20 கிலோ, பெண்கள் பார் 15 கிலோ. ஸ்குவாட்டும் ஒரு பிரிவாக உள்ள பவர்லிஃப்டிங் போட்டியில் இருவருக்கும் 20. உள்ளூர் ஜிம்மில் மூலையில் சாத்தி வைத்திருக்கும் பார் இது எதுவாகவும் இல்லாமல் போகலாம். பாரைப் பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்தால் தெரிந்துவிடும். திங்கட்கிழமை ஒரு பார், வியாழக்கிழமை வேறு பார் என்று எடுப்பவர்கள், எடை நகரவில்லை என்று வீணாகக் கவலைப்படுவதுண்டு.

பயிற்சியை இப்படி மாற்றுங்கள். மூன்று நாளும் ஒரே மாதிரி முட்டி மோத வேண்டாம். திங்கள் கனமான நாள்: மும்மூன்று ரெப்பாக ஐந்து செட், செட்டுக்கு நடுவில் மூன்று நிமிடம் முழுதாக ஓய்வு. முதல் வாரம் 50. அரைக் கிலோ ஜோடி சேர்த்து 51. அதைக் கழற்றி ஒண்ணேகால் ஜோடி போட்டால் 52.5. இரண்டு ஜோடியும் சேர்ந்தால் 53.5. ஐந்தாவது வாரம் பழைய இரண்டரை ஜோடியை எடுங்கள், 55. முதல் வாரம் ரொம்பச் சுலபமாகத் தெரியும். தெரியட்டும், அன்றைக்கே மேலே ஏற்றிவிடாதீர்கள்.

புதன் இலகுவான நாள். 35 கிலோ, ஐந்தைந்தாக மூன்று செட், ஆனால் அடியில் உட்கார்ந்த நிலையில் இரண்டு நொடி அசையாமல் நின்று எழ வேண்டும். சனி எண்ணிக்கைக்கான நாள்: 40 கிலோவில் எட்டு ரெப், நான்கு செட். இங்கே எடையைத் தொடாமல், வாரம் ஒரு ரெப்பாகப் பத்து வரை கூட்டுங்கள். முன்பு சொன்ன சாதகம் வேலை செய்யும் இடம் இந்தச் சனிக்கிழமைதான். ஆறாவது வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள். ஷிப்மென்ட் நெருக்கடியில் ராத்திரி ஒன்பது வரை உட்கார்ந்திருக்கும் வாரம் எது என்று உங்களுக்கே தெரியும். அந்த வாரத்தை இதற்கு ஒதுக்கினால் இன்னும் நல்லது. ஏழாவது வாரம் 55-ல் ஐந்து ரெப், ஒரே ஒரு செட் முயன்று பாருங்கள்.

லெக் பிரஸ்ஸை டிரெய்னர் சொன்னதில் தவறில்லை, “போயிடுங்க” என்றதில்தான் தவறு. சனிக்கிழமை ஸ்குவாட் முடிந்தபின் இரண்டு மூன்று செட் செய்யுங்கள். முதுகு களைத்த பிறகும் தொடைக்கு வேலை கிடைக்கும்.

மூன்றாவது ரெப்பில் எப்படி மாட்டிக்கொள்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. போனை இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் வைத்துப் படம் பிடியுங்கள். எழும்போது பின்பக்கம் முதலில் மேலே போய் நெஞ்சு குனிகிறதென்றால், பெரும்பாலும் மூச்சை வயிற்றுக்குள் இறுக்கிப் பிடிக்காமல் இறங்குகிறீர்கள், அல்லது தொடைத் தசை பின்தங்கி இருக்கிறது. புதன்கிழமை நிறுத்தி எழுவது இரண்டுக்கும் மருந்து. ஆழமும் பாருங்கள். பவர்லிஃப்டிங் விதிப்படி, இடுப்பு மடியும் இடத்தில் தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சியைவிடக் கீழே போக வேண்டும். எடை ஏற ஏற ஆழம் தெரியாமலே குறைந்துவிடும். 55-ல் வந்த அந்த இரண்டு ரெப்பும் 50-ல் வருகிற ஆழத்துக்குத்தான் போயினவா என்பதே எனக்குச் சந்தேகம். குந்தவைத்து உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆழம் வராததல்ல. மெத்தென்ற ரன்னிங் ஷூவைக் கழற்றிவிட்டுத் தட்டையான அடிப்பாகமுள்ள கேன்வாஸ் ஷூ போடுங்கள். ரேக்கின் (பாரைத் தாங்கும் இரும்புச் சட்டம்) பக்கவாட்டுப் பாதுகாப்புக் கம்பி, நீங்கள் இறங்கும் ஆழத்துக்கு ஒரு விரற்கடை கீழே இருக்க வேண்டும். அது இல்லாத ரேக்கில் கனமான செட் செய்யவே வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. எடை குறையத் தொடங்கியதும் ஸ்குவாட் நின்றதும் அதே இரண்டு மாதங்களில். 64 கிலோ இருந்தபோது 50 தூக்கினீர்கள், 61 ஆனபிறகும் 50 தூக்குகிறீர்கள். உடல் எடையோடு வைத்துப் பார்த்தால் பலம் கூடியே இருக்கிறது. ஆனால் எடையும் குறைய வேண்டும், பாரில் எடையும் ஏற வேண்டும் என்றால், முதல் சில மாதங்களுக்குப் பிறகு இரண்டும் சேர்ந்து நடப்பது கடினம். இந்த ஏழு வாரத்துக்கு டயட்டை நிறுத்துங்கள், 61-லேயே நில்லுங்கள்.

புரதம்தான் நம் தட்டில் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) பொதுவாகப் பரிந்துரைப்பது உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், உங்களுக்கு 51 கிராம். பளு தூக்குபவருக்கு 1.6 வரை போகலாம், அதாவது நாளைக்குக் கிட்டத்தட்ட 98 கிராம். இரண்டு இட்லியில் கிடைப்பது நாலு கிராம் சுற்றுவட்டம். நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது, மூன்று முட்டைக்கு 18 கிராம். 50 கிராம் மீல்மேக்கரில் 25-க்குக் குறையாது. 50 கிராம் கொள்ளில் 11. ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் தயிர் சேர்த்தால் இன்னொரு 13. ஒரு கைப்பிடி நிலக்கடலைக்கு ஏழு எட்டு. மீதியைச் சோறும் ராகியும் பருப்பும் பார்த்துக்கொள்ளும். அரிசிம்பருப்பு சாதம் வைக்கிற நாளில் பருப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள், ருசி கெடாது. புரட்டாசியில் முட்டையை நிறுத்துபவர் என்றால் அந்த மாதம் மீல்மேக்கரும் பனீரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் மூன்று நிமிட ஓய்வும் போதாமல் போகலாம், எட்டு ரெப் செட்டில் கண் இருட்டலாம். உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பாருங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் வழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், டீ இரும்புச்சத்தை உடம்பில் முழுதாக ஏறவிடாது. மாதவிடாய் நாட்களில் பலம் இப்படித்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் பொருந்தும் விதி எதுவும் இல்லை. நோட்டில் தேதி குறித்து வாருங்கள். உங்களுக்கு எந்த நாள் சோர்வோ, அன்றைக்குப் பத்து சதவீதம் குறைத்துப் போடுங்கள்.

மாமியாருக்கு என்ன பதில்? அவர் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன். கர்ப்பப்பை இறங்குவது நிஜமான பிரச்சினை. ஆனால் அதற்கு முக்கியக் காரணம் சுகப்பிரசவங்களும் வயதும். நாள்பட்ட மலச்சிக்கல், விடாத இருமல், உடல் பருமன் ஆகியவையும் சேரும். முறையாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் பயிற்சிதான் காரணம் என்று உறுதியான ஆதாரம் இல்லை. தண்ணிக் குடத்தையும் சிமெண்ட் சட்டியையும் சோளத்தட்டுக் கட்டையும் பெண்கள் தலையில் தூக்கிய காலத்தில் யாரும் கர்ப்பப்பையைப் பற்றிக் கேட்டதாகத் தெரியவில்லை. 2024-ல் கோவை குனியமுத்தூரில் நடந்த போட்டியில் பொள்ளாச்சியைச் சேர்ந்த 82 வயதுக் கிட்டம்மாள் பாட்டி 50 கிலோ டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் பாரைத் தூக்கி நிமிர்வது) எடுத்தார். மாமியாரிடம் அந்த வீடியோவைக் காட்டுங்கள். என் விளக்கத்தைவிட அது எடுபடும்.

இருந்தாலும் மூன்று அறிகுறிகளை மறைக்கக் கூடாது: எழும்போது சிறுநீர் கசிவது, அடியில் ஏதோ இறங்குவது போன்ற கனம், பிறப்புறுப்பில் ஏதோ தட்டுப்படுவது. இதில் ஒன்று இருந்தாலும் கனமான செட்டை நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரையோ, இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். கசிவு பளு தூக்கும் பெண்களிடம் பரவலாகவே இருக்கிறது, வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவதால் நீடிக்கிறது. பலருக்குப் பயிற்சியால் சரியாகிவிடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை இறுக்கிப் பிடிக்கும் முறையை டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

பெல்ட்: இப்போதைக்கு வேண்டாம். வயிற்றைச் சுற்றி அழுத்தத்தை நீங்களே உண்டாக்கத் தெரிந்தபின் அதற்குச் சாய்மானமாக நிற்பதுதான் பெல்ட்டின் வேலை, தெரியாதவருக்கு அது வெறும் தோல் பட்டை. உங்கள் உடல் எடையையே பாரில் வைத்து ஐந்து ரெப் எடுக்கும்போது யோசிக்கலாம். அந்தக் காசுக்கு இப்போது அரைக் கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்குங்கள்.