பத்தாவது காதையில் வரும் மந்திரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் முதல் ஃபேன்டஸி நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகிக்கு 19 வயது. அவள் நினைத்தால் தீ அடங்கும். முதல் அத்தியாயத்தில் ஊரே பற்றி எரிகிறது; கையை உயர்த்துகிறாள், அணைந்துவிடுகிறது. அதுவரை நன்றாக வந்தது. அப்புறம் கதை நகரவே மாட்டேன் என்கிறது. படித்துப் பார்த்த தோழி, "இவளால் எதையும் செய்ய முடியும் என்று தெரிந்துவிட்டது, இனி இவளுக்காக எதற்குப் பயப்பட வேண்டும்?" என்று கேட்டாள். சக்தியைக் குறைத்துவிடலாமா? மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

மூன்றையும் இரண்டு முறை படித்தேன். சக்தியைக் குறைக்காதீர்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தனக்குள் இப்படி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியவரும் அதே நிமிடத்தில் ஊருக்கும் தெரிந்துவிடுகிறது. அந்தச் சக்தியோடு தனியாக இருக்க அவளுக்கு ஒரு ராத்திரிகூட நீங்கள் கொடுக்கவில்லை.

மணிமேகலைக் காப்பியத்தை எடுத்து நிதானமாகப் படியுங்கள். காதை என்றால் அத்தியாயம் மாதிரி; 30 காதைகளில் மந்திரம் நாயகி மணிமேகலையின் கைக்கு வருவது 10ஆவதில்தான். அதற்கு முன், 8ஆவதில், தூங்கும்போது கொண்டுவந்து விடப்பட்ட தீவில் கண்விழிக்கிறாள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. தோழி சுதமதியைக் கூப்பிட்டுத் தேடுகிறாள், வாளுக்கு இரையான தகப்பன் கோவலனை நினைத்து "ஐயாவோ" என்று அழுகிறாள். இப்படி அழுத பெண்ணுக்குத்தான் வானில் போகவும் வேற்றுரு எடுக்கவும் பசியை வெல்லவும் மந்திரங்கள் கிடைக்கின்றன. அதனால்தான் அவள் பறக்கும்போது நமக்கும் நெஞ்சு பதறுகிறது.

சரி, பறக்கத் தெரிந்தவளுக்கு என்ன ஆபத்து? உங்கள் தோழி கேட்டதும் இதுதானே. தன்னை விரும்பித் துரத்தும் அரசகுமாரன் உதயகுமரனிடமிருந்து தப்பிக்க மணிமேகலை காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் மனைவியைத் தேடி வருகிறான். எதிரே நிற்பது தன் மனைவி என்றே நம்புகிறான். அவளோ தன்னைக் கவனிக்காமல் அரசகுமாரனிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். அவன் ஒளிந்திருந்து, இரவில் அவளைத் தேடி வரும் உதயகுமரனை வாளால் வெட்டிவிடுகிறான். மந்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. அவள் கேட்டதை அப்படியே செய்தது. தப்பிக்க எடுத்த உருவமே ஒரு சாவைக் கொண்டுவந்தது. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

அள்ள அள்ளக் குறையாமல் சோறு தரும் அமுதசுரபி என்ற பாத்திரம் கிடைத்த பிறகும் அவள் நேராகப் போய் ஊருக்குச் சோறு போட ஆரம்பிக்கவில்லை. அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சையை ஆதிரை என்ற பெண் இட வேண்டியிருந்தது. உங்கள் நாயகிக்கு அப்படி யாருமே இல்லை. ஒரு பாட்டியோ அக்காவோ வரட்டும், மந்திரம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் கைப்பிரதிக்கு வருகிறேன். மூன்றாவது அத்தியாயத்தில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோகிறீர்கள்: சின்ன வயதில் தம்பிக்குக் காய்ச்சல் அடித்தபோது அவன் நெற்றியில் அவள் கை வைத்தாள், இறங்கிவிட்டது. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் முதல் அத்தியாயம் இதுதான்! அவளுக்கு 19 வயது ஆன பிறகு அது நடக்கட்டும். எல்லோரும் தூங்குகிறார்கள். அவன் உடம்பு அனலாகக் கொதிக்கிறது. ஈரத்துணியை மாற்றும்போது அவள் விரல்கள் நெற்றியில் படுகின்றன, சூடு சட்டென்று விட்டுவிடுகிறது. பையன் புரண்டு படுத்துத் தூங்குகிறான். அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் திரும்பி வந்துவிடுமோ என்ற பயம்.

இங்கே ஒன்றை நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். அவனிடமிருந்து இறங்கிய அந்தச் சூடு எங்கே போனது? அவள் உடம்புக்குள் சேர்கிறதா, பக்கத்தில் தூங்கும் வேறொருவர் மேல் ஏறுகிறதா? இதற்கு விடை கிடைத்துவிட்டால் ஊர் பற்றி எரியும் காட்சியைப் பத்தாவது அத்தியாயத்தில்கூட வைக்கலாம். ஒரு காய்ச்சல் எங்கே போனது என்று தெரிந்தவள், அவ்வளவு பெரிய தீயின் முன் கையை உயர்த்துவதற்குள் நமக்கு மூச்சு நின்றுவிடும்.

எழுதியதும் அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.