அந்த 170 எப்படி வந்தது?

கேள்வி: அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை மூன்று முறை எழுதிவிட்டேன். மாவட்ட மைய நூலகம் திறந்ததும் போய், மூடும்போதுதான் வருகிறேன். பழைய வினாத்தாள்களை வீட்டில் எழுதிப் பார்த்தால் 200க்கு 170 சரியாக வருகிறது. தேர்வில் 150ஐத் தாண்டவில்லை. கணக்கு மட்டும் கொஞ்சம் இடிக்கும், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். எனக்கு ராசி இல்லையோ?

— வாசகி, திண்டுக்கல்

பதில்: ராசியை விடுங்கள் அம்மா. அந்த 170 எப்படி வந்தது? போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவள் நான். வகுப்பில் அடிக்கடி காண்பதைச் சொல்கிறேன். வினாத்தாளுக்குப் பக்கத்திலேயே விடைக்குறிப்பும் இருக்கும். இரண்டு விடைகளுக்கு நடுவே மனம் தடுமாறும். குறிப்பைப் பார்த்ததும், ‘இதைத்தானே நினைத்தேன்’ என்று பென்சில் ஒரு சரிக்குறி போட்டுவிடும். கூட்டுவட்டிக்குச் சூத்திரம் நினைவுக்கு வந்தாலே போதும், கணக்கையே போட்டு முடித்தது போல அதற்கும் ஒரு சரிக்குறி. இப்படிச் சேர்ந்த இருபதும் தேர்வுக்கூடத்தில் காலைவாரிவிடும்.

விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டே, ‘விடை தெரியவில்லை’ என்று? தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால் தேர்வில் அதைத் தொட வேண்டாம். வீட்டில் தாராளமாகக் கருமையாக்குங்கள். குத்துமதிப்பாகப் போட்டது, சூத்திரம் மட்டும் தெரிந்தது எல்லாம் அங்கேயே போகட்டும். விடைக்குறிப்பை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டு, மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுதுங்கள். எண்ணிக்கை 130க்குக்கூட இறங்கலாம். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் நாம் பேச வேண்டியது அந்த எண்ணைப் பற்றித்தான்.

கணக்கு ‘கொஞ்சம்’ இடிக்கும் என்கிறீர்கள். கணக்கு வரும் திறனறிவுப் பகுதி 25 கேள்விகள், 37.5 மதிப்பெண். ஒன்றரை மதிப்பெண்ணில் தரவரிசை எங்கோ போய்விடும் தேர்வில் இது கொஞ்சமா? நன்றாகத் தெரிந்த தமிழ்ப் பாடத்தையே திரும்பப் படிப்பது சுகமாக இருக்கும், உழைத்த திருப்தியும் கிடைக்கும். நூலகத்தில் உங்கள் நாள் அதில்தான் போகிறதோ என்று எனக்குச் சந்தேகம். காலை நேரத்தை எட்டாம் வகுப்பு வரையிலான கணக்குப் புத்தகங்களுக்குக் கொடுங்கள்: சதவீதம், விகிதம், தனிவட்டி. விடையைப் பார்க்காமல், பேனாவால், கடைசி வரி வரை.

ஒரு தாளை இப்படி எழுதி முடித்ததும், ஐந்தாவது வட்டம் எந்தப் பகுதியில் எத்தனை என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். எங்கிருந்து தொடங்கலாம் என்று அப்போது சொல்கிறேன்.