1 எச்.பி. மரக் கடைசல்: வி.எஃப்.டி. மாட்டியதும் மோட்டார் உறுமுகிறது

உங்கள் கடைசலின் சிங்கிள் பேஸ் கெபாசிட்டர் மோட்டாருக்கு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) மாட்டி, வேகத்தைக் குறைத்ததும் மோட்டார் உறுமிச் சூடாகிறது என்கிறீர்கள். அந்த வி.எஃப்.டி.-யைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். மாற்ற வேண்டியது மோட்டாரை. 1 எச்.பி., 4 போல், த்ரீ பேஸ் மோட்டார் வாங்குங்கள். சிங்கிள் பேஸ் லைனில் ஓடும் உங்கள் டிரைவே மூன்று பேஸும் கொடுத்துவிடும்.

வேகம் குறைத்ததும் உறுமிச் சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் மோட்டாருக்குள் இருக்கும் சென்ட்ரிஃபூகல் ஸ்விட்ச். சுழற்சி இறங்கியதும் அது மூடிக்கொண்டு ஸ்டார்ட்டிங் காயிலையும் கெபாசிட்டரையும் மறுபடி இணைத்துவிடும். பழையபடி நேர் லைனில் ஓட்டி, ஆஃப் செய்து கேளுங்கள். நிற்பதற்கு முன் 'டிக்' சத்தம் வந்தால் அதேதான். சத்தம் வராவிட்டாலும் கெபாசிட்டர் மோட்டார் இந்த வேலைக்கு ஒத்துவராது.

புது மோட்டாரில் டெர்மினல் பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குங்கள். ஆறு முனைகளும் வெளியே இருக்க வேண்டும். பிளேட்டில் 240 டெல்டா / 415 ஸ்டார் என்றிருக்க வேண்டும் (டெல்டா, ஸ்டார் இரண்டும் அந்த முனைகளை இணைக்கும் முறைகள்). உங்கள் டிரைவ் 230 வோல்ட்தான் தரும் என்பதால் டெல்டாவில் இணையுங்கள். ஸ்டாரில் விட்டால் இழுவை மூன்றில் ஒரு பங்காகிவிடும், உளி பட்டதுமே நின்றுபோகும்.

படிப் புல்லியை (பெல்ட்டை மாற்றி மாற்றிப் போட்டு வேகம் மாற்றும் பல அளவுப் புல்லி) கழற்றிவிடாதீர்கள். 25 ஹெர்ட்ஸில், அதாவது பாதி வேகத்தில், 1 எச்.பி. மோட்டார் அரை எச்.பி.தான். பெரிய கிண்ணம் கடையும்போது பெல்ட்டை மெதுவான படிக்கு மாற்றுங்கள். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெகுநேரம் ஓட்டினால் மோட்டார் விசிறிக் காற்று போதாது.

ஒன்றில் மட்டும் கவனம்: நிற்கும் நேரத்தை டிரைவில் 8, 10 விநாடிக்குக் கீழே குறைக்காதீர்கள். சடாரென நின்றால் மரையில் ஏற்றிய சக் (மரத்தைப் பிடித்திருக்கும் பிடி) கழன்று கிண்ணத்தோடு முகத்துக்கு வரும். டிரைவைத் திறப்பதானால் மின்சாரத்தை நிறுத்தி 10 நிமிடம் காத்திருங்கள். உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.