ஃப்ரீஸ்டைல் பழகத் தனி ஸ்கேட்போர்டு வாங்க வேண்டுமா?

வேளச்சேரியில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "என்னிடம் 8.25 அங்குல அகலமுள்ள ஸ்ட்ரீட் ஸ்கேட்போர்டு இருக்கிறது. எங்கள் பகுதிச் சாலைகள் கரடுமுரடாக இருப்பதால் 58 மி.மீ. அளவில் மென்மையான வீல்களைப் போட்டிருக்கிறேன். ஒல்லி (கையால் பிடிக்காமல் பலகையோடு எழும்புவது), ஷவ்-இட் (காலுக்கடியில் பலகையை மட்டும் கிடையாகத் திருப்புவது) ஆகியவை வருகின்றன. அருகில் ஸ்கேட் பார்க் இல்லை. எங்கள் அடுக்ககத்தின் தரைத்தள வாகன நிறுத்தத்தில் மட்டும் காலை நேரத்தில் இரண்டு கார்கள் நிற்கும் அளவுக்கு இடம் கிடைக்கிறது. ஃப்ரீஸ்டைல் பழக விரும்புகிறேன். அதற்கென்று தனிப் பலகை வாங்க வேண்டுமா, இருப்பதிலேயே சில பாகங்களை மாற்றினால் போதுமா? எந்த ட்ரிக்கில் தொடங்குவது?"

சமதரையில், சிறிய இடத்திலேயே, ஒரு அசைவிலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து செல்லும் ஸ்கேட்டிங் முறைதான் ஃப்ரீஸ்டைல். அதற்கென்று தனிப் பலகை இப்போதைக்கு வேண்டாம். வீல்களை மாற்றுங்கள், ட்ரக்கின் (வீல்களைத் தாங்கும் உலோகப் பாகம்) அச்சு அகலம் டெக்கின் (நிற்கும் மரப் பலகை) அகலத்தோடு ஒத்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஃப்ரீஸ்டைலுக்கு வரும் பலரும் குறுகலான டெக்கைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஆனால் தொடக்க நிலையில் ஒருவருடைய முன்னேற்றத்தைத் தடுப்பது டெக்கின் அகலத்தைவிட, தரையைப் பற்றிக்கொள்ளும் வீல்களும் டெக்கோடு பொருந்தாத அச்சும்தான்.

நீங்கள் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சமதரையில் ஒல்லி அடிப்பதை 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் ராட்னி முல்லன் என்ற அமெரிக்க ஃப்ரீஸ்டைல் வீரர். ஆலன் கெல்ஃபாண்ட் என்ற மற்றொரு அமெரிக்க வீரர் சரிவுகளில் கையால் பிடிக்காமல் பலகையோடு எழும்பிய முறையை முல்லன் சமதரைக்குக் கொண்டுவந்தார். பலகையைக் காற்றில் சுழற்றி இன்று தெருக்களில் அடிக்கப்படும் கிக்ஃபிளிப், ஹீல்ஃபிளிப், இம்பாசிபிள் ஆகியவையும் அவர் சமதரையில் வடிவம் கொடுத்தவையே. 1990களின் தொடக்கத்தில் ஃப்ரீஸ்டைல் போட்டிகள் மங்கியபோது அவரும் ஸ்ட்ரீட் பக்கம் சென்றார். அந்த ட்ரிக்குகளும் அவரோடு சென்றன. டோக்கியோ ஒலிம்பிக்கில் கனடாவுக்காகப் பார்க் பிரிவில் கலந்துகொண்ட ஆண்டி ஆண்டர்சன், 8 அங்குலத்துக்கும் மேற்பட்ட அகலமுள்ள பலகையில் ஃப்ரீஸ்டைல் அசைவுகளைச் செய்துகாட்டுகிறார். ஆகவே உங்கள் 8.25 ஒரு தடை அல்ல.

முதலில் தரையைப் பார்ப்போம், ஏனெனில் வீலைத் தீர்மானிப்பது தரைதான். வழவழப்பாகத் தேய்த்து முடித்த சிமென்ட் தரை ஃப்ரீஸ்டைலுக்கு மிகச் சிறந்தது. மெருகேற்றிய கிரானைட்டும் விட்ரிஃபைடு டைல்ஸும் கடினமான வீல்களுக்கு அளவுக்கு மீறி வழுக்கும். அவற்றில் சுழல்வது எளிது, நிற்பது கடினம். சென்னையின் புதிய நடைபாதைகளில் பரவலாகப் பதிக்கப்படும் பேவர் பிளாக் கற்கள் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும், அவற்றின் இடுக்குகளில் சிறிய வீல்கள் ஒவ்வொரு முறையும் தட்டுப்படும். கடற்கரையை ஒட்டிய தளங்களில் எப்போதும் கொஞ்சம் மணல் கிடக்கும், அது பேரிங்கைக் கெடுத்துவிடும். வாகன நிறுத்தத் தரையில் எஞ்சின் ஆயில் சொட்டியிருந்தால் அதைத் துடைத்துவிட்டே தொடங்குங்கள். சுழலும்போது ஒரு வீல் மட்டும் எண்ணெயில் பட்டால் பலகை எதிர்பாராத பக்கம் ஓடும்.

உங்கள் மென்மையான 58 மி.மீ. வீல்கள் சாலையில் பயணிக்க ஏற்றவை, ஃப்ரீஸ்டைலுக்கு ஏற்றவை அல்ல. ஃப்ரீஸ்டைலில் பெரும்பாலான அசைவுகள் இரண்டு வீல்களின் மேல் திரும்புபவை. அப்போது வீல் தரையில் சற்றே வழுக்கிக் கொடுக்க வேண்டும். மென்மையான யூரித்தேன் (வீல் செய்யப்படும் பிளாஸ்டிக்) தரையைப் பற்றிக்கொள்வதால், பாதிச் சுழற்சியிலேயே பலகை நின்றுவிடும், உடல் மட்டும் தொடர்ந்து திரும்பும். முழங்காலுக்கு அது நல்லதல்ல. 52 முதல் 56 மி.மீ. வரையில், 99ஏ முதல் 101ஏ வரை கடினமுள்ள (எண் கூடக் கூடக் கடினம் கூடும்) வீல்களை வாங்குங்கள். வாங்கும்போது வீலின் பக்கவாட்டு முகத்தையும் பாருங்கள்: பேரிங் உள்ளடங்கி உட்கார வேண்டும், அச்சின் நட் வீலின் வெளிமுகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இதன் காரணம் அடுத்து வருகிறது.

ஃப்ரீஸ்டைலின் அடிப்படை நிலைகளுள் ஒன்று ரெயில் ஸ்டாண்ட். ஸ்ட்ரீட் ஸ்கேட்டர்கள் இதை பிரைமோ என்பார்கள். பலகையைப் பக்கவாட்டில் நிறுத்தி, அதன் மேல் பக்கத்து வீல்களின் மீது இரு பாதங்களையும் வைத்து நிற்பதுதான் அது. அப்போது தரையைத் தொடுபவை இரண்டு: டெக்கின் ஒரு விளிம்பு, அந்தப் பக்கத்து இரு வீல்களின் வெளிமுகம். இவ்விரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் பலகை நேராக நிற்கும். அச்சு குறுகலாக இருந்து வீல்கள் உள்வாங்கியிருந்தால் பலகை வீல்கள் இருக்கும் பக்கம் சாயும். அச்சு அகலமாக இருந்து வீல்கள் வெளியே நீண்டிருந்தால் கிரிப் டேப் (கால் வழுக்காமலிருக்க டெக்கின் மேல் ஒட்டும் சொரசொரப்பான தாள்) ஒட்டிய பக்கம் சாயும். நட் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வீலின் முகத்துக்குப் பதிலாக அந்தச் சிறிய இரும்புத் துண்டின் மீது உங்கள் எடை முழுவதும் இறங்கும். நிலைப்பும் போய்விடும், தரையிலும் கீறல் விழும். ரெயில் ஸ்டாண்ட் வரவில்லை என்று என்னிடம் சொல்பவர்களின் பலகையை வாங்கித் தரையில் பக்கவாட்டாக நிறுத்திப் பார்ப்பதுதான் நான் முதலில் செய்வது. யாரும் ஏறாதபோதே அது ஒரு பக்கம் சாய்ந்தால், சமநிலைப் பயிற்சியால் தீரக்கூடிய சிக்கல் அல்ல அது.

உங்கள் பலகையை அப்படியே நிறுத்திப் பாருங்கள். 8.25 டெக்கில் 8 அங்குல அச்சு இருந்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 3 மி.மீ. உள்வாங்கியிருக்கும். இந்த அளவுச் சாய்வை உடல் சமாளித்துக்கொள்ளும். இதற்காக ட்ரக்கை மாற்ற வேண்டியதில்லை. 7.6 போன்ற அச்சு இருந்தால் மட்டும் ட்ரக் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். வீலின் இருபுறமும் உள்ள சிறிய வாஷர்களை இடம் மாற்றி நுண்ணிய வேறுபாட்டைச் சரிசெய்யலாம். ஆனால் உட்புறத்தில் அவற்றை அடுக்கிக்கொண்டே போனால் நட் கடைசி வரை இறங்காது, அதிலுள்ள நைலான் பகுதி மரையைப் பிடிக்காமல் வீல் கழன்று வரும் அபாயம் உண்டு.

நட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அச்சின் நட் 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை கொண்டது. நம் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் 8 மி.மீ. நட் பார்ப்பதற்கு அதைப் போலவே இருக்கும், முதல் சுற்று ஏறுவதுபோலவும் தோன்றும்; வலுவாகத் திருகினால் அச்சின் மரை பாழாகிவிடும், பிறகு முழு ட்ரக்கையே மாற்ற நேரும். ஸ்பேனரைப் பொறுத்தவரை, 13 மி.மீ. அளவு அச்சு நட்டுக்குப் பொருந்தும். ஆனால் கிங்பின் (ட்ரக்கின் நடுவிலுள்ள பெரிய போல்ட்) நட்டின் வெளி அளவு 9/16 அங்குலம் என்பதால் 14 மி.மீ. ஸ்பேனர் அதில் நுழையாது. ஸ்கேட் டூல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பேரிங்குக்கு இந்தச் சிரமம் இல்லை. ஸ்கேட்போர்டில் இருப்பது 608 என்ற எண்ணுள்ள பேரிங், உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மி.மீ. சிறிய மோட்டார்களிலும் கைக்கருவிகளிலும் இதே எண் பயன்படுவதால் பாரிமுனைப் பக்கத்து பேரிங் கடைகளில் கேட்டால் கிடைக்கும். நம் ஊரின் ஈரக்காற்றில், அதிலும் கடற்கரைக்கு அருகில் பழகுபவர்களுக்கு, பேரிங் துருப்பிடிப்பது தவிர்க்க முடியாதது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெயில் ஓரிரு சொட்டு விட்டால் போதும். கைக்கு எட்டுகிறதே என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாள்பட அது பிசுபிசுத்துத் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெக்கை ஈரத் தரையில் சாய்த்து வைக்கவே கூடாது. ஏழு அடுக்கு மேப்பிள் மரத்தில் நீர் இறங்கினால் ஒட்டு விட்டு, பின்முனையான வால்பகுதியின் துள்ளல் போய்விடும்.

ட்ரக்கைச் சாலையில் ஓட்டுவதைவிடச் சற்று இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் சுழலும்போதும் வீல்களின் மேல் ஏறி நிற்கும்போதும் தளர்ந்த ட்ரக் அசைந்துகொண்டே இருக்கும். அதற்காக அசையவே அசையாதபடி இறுக்கினால் திரும்பும் உணர்வே மறைந்துவிடும். புஷ்ஷிங் (கிங்பின்னைச் சுற்றியுள்ள ரப்பர் போன்ற வளையம்) பிதுங்கும் நிலைக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

வாலுக்கும் முன்முனையான மூக்குக்கும் அடியில் பொருத்தும் ஸ்கிட் பிளேட் என்ற பிளாஸ்டிக் தகடு, ஸ்ட்ரீட்டில் அரிது, ஃப்ரீஸ்டைலில் பயனுள்ளது. பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, பின் ட்ரக்கின் மேல் நின்று, மூக்கைக் கையால் பிடிக்கும் ஃபிஃப்டி-ஃபிஃப்டி, அதே நிலையில் குதிக்கும் போகோ ஆகியவற்றில் வாலின் நுனி தரையில் மோதிக்கொண்டே இருக்கும். தகடு இல்லையென்றால் மரம் விரைவில் கூர்மையாகத் தேயும். விலைக்கு வாங்கக் கிடைக்காவிட்டால், சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகை 5 மி.மீ. தடிமனில் இருந்தால் அதையே வாலின் வடிவத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். அரை அங்குல ஸ்க்ரூவுக்கு மேல் வேண்டாம். டெக்கின் தடிமன் ஏறத்தாழ 11 மி.மீ. என்பதால் நீளமான ஸ்க்ரூ மேல்பக்கம் எட்டிப் பார்க்கும். ஸ்க்ரூவின் தலை தகட்டுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். இந்த வேலையை இப்போதே செய்ய வேண்டியதில்லை, ஃபிஃப்டி-ஃபிஃப்டியைத் தொடும்போது செய்யலாம்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. ஒல்லி வருகிறது என்பதற்காக நேராகக் கிக்ஃபிளிப்புக்குப் போகாதீர்கள். ஃப்ரீஸ்டைலின் உயிர் பலகையைக் காற்றில் சுழற்றுவதில் இல்லை. ஒரு அசைவிலிருந்து அடுத்த அசைவுக்குக் கால் தரையில் படாமல் செல்வதில் இருக்கிறது. இடம் குறைவாக இருக்கும் உங்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

வாக் த டாக் என்ற அசைவில் தொடங்குங்கள். முன் காலைப் பலகையின் நடுவில் வையுங்கள்; அதுவே சுழலச்சு. பின் காலை எடுத்து மூக்கின் மீது வைத்து அழுத்தி, பலகையைப் பின்னோக்கி இழுத்து 180 பாகை திருப்புங்கள். இப்போது முன்பு வாலாக இருந்தது முன்னால் வந்திருக்கும். அதே காலை மறுபடி அதன் மேல் வைத்து இழுங்கள். பெரும்பாலோர் செய்யும் தவறு நடுக்காலில் எடையை வைக்காமல் இழுக்கும் காலில் வைப்பது. அப்படிச் செய்தால் பலகை திரும்பாமல் சரிந்து நிற்கும். எடை நடுக்காலிலேயே இருக்க வேண்டும். மற்ற கால் பலகையைத் திருப்புவதற்கு மட்டும். பார்வையைக் காலிலிருந்து எடுத்து எதிர்ச் சுவரில் வைத்தவுடன் இது திடீரென்று எளிதாவதை நீங்களே உணர்வீர்கள்.

அடுத்தது எண்ட்-ஓவர்: மூக்கை அழுத்தி அதன் மீது அரைச் சுற்று, உடனே வாலாக இருக்கும் மறுமுனையை அழுத்தி இன்னொரு அரைச் சுற்று, இப்படியே ஒரே கோட்டில் முன்னேறுவது. இரண்டு கார் நீளத்தில் நாலைந்து திருப்பங்கள் தாராளமாக அடங்கும். தோள் முதலில் திரும்ப, இடுப்பும் கால்களும் பின்தொடர வேண்டும். இந்த அசைவு கைவந்த பின்னரே பின் வீல்களின் மேல் முழுச் சுற்றுகளைத் தொடர்ந்து சுழலும் 360 ஸ்பின்னுக்குச் செல்லுங்கள். அதில் முன் வீல்கள் தரையிலிருந்து மயிரிழை உயர்ந்தால் போதும். உயரமாகத் தூக்கினால் வால் உரசி நின்றுவிடும்.

ரெயில் ஸ்டாண்டை இவற்றோடு சேர்த்தே பழகலாம். தொடக்கத்தில் பலகையைக் கையால் பக்கவாட்டில் நிறுத்தி, தூணைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். பாதத்தின் முன்பகுதி வீல்களின் நேர்மேலே இருக்க வேண்டும், டெக்கின் நடு விளிம்பில் நின்றால் மரம் வளையும், காலும் வழுக்கும். நிற்கும் பழக்கம் வந்தபின், கால்விரலால் விளிம்பைத் தூக்கிப் பலகையை அந்த நிலைக்குக் கொண்டுவரவும், அங்கிருந்து குதித்து நான்கு வீல்களின் மீது இறங்கவும் கற்றுக்கொள்ளுங்கள். காஸ்பர் (பலகையைத் தலைகீழாக்கி ஒரு முனையின் மேல் நிற்பது), ஃபிங்கர்ஃபிளிப் (கைவிரலால் பலகையைச் சுழற்றுவது) ஆகியவற்றை இதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் ஓசையில்லாதவை. போகோ மட்டும் மேல்தளம் வரை கேட்கும். அண்டை வீட்டார் உறங்கும் நேரத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள். தட்டையான அடிப்பாகமுள்ள ஷூ, ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு மூன்றும் அவசியம். நின்ற இடத்தில் விழுபவர்கள் பெரும்பாலும் கையைத்தான் ஊன்றுவார்கள்.

குறுகலான டெக் எப்போது வேண்டும்? ரெயில் ஸ்டாண்டில் பலகையின் அகலம்தான் நீங்கள் ஏறி நிற்கும் உயரம். ஒரு அங்குலம் குறைந்தால் ஏறுவதும் இறங்குவதும் அந்த அளவுக்கு எளிதாகும். ஃபிளிப்பும் விரைவாகச் சுழலும். ரெயிலிலிருந்து ஃபிளிப்புக்கும் ஃபிளிப்பிலிருந்து ரெயிலுக்கும் தொடர்ந்து மாறத் தொடங்கும் கட்டத்தில் இந்த வேறுபாடு உண்மையிலேயே உதவும். அப்போது 7.25 முதல் 7.5 அங்குல அகலமும், 28 அங்குலம் அளவிலான நீளமும், 12 அங்குலத்தை ஒட்டிய வீல்பேஸும் (முன், பின் ட்ரக்குகளுக்கு இடையிலான தூரம்) உள்ள டெக்கைத் தேடுங்கள். ஸ்ட்ரீட் பலகைகளின் வீல்பேஸ் பொதுவாக 14 அங்குலத்தை ஒட்டியிருக்கும். அமெரிக்காவின் வால்ட்ஸ் போன்ற சில சிறு நிறுவனங்கள் இத்தகைய டெக்குகளைச் செய்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேரும் என்பதால், டெக்கை மட்டும் தனியாக வாங்காமல், அதற்குப் பொருந்தும் குறுகிய ட்ரக்கையும் அதே பார்சலில் வரவழையுங்கள். 8 அங்குல அச்சை 7.25 டெக்கில் மாட்டினால் வீல்கள் இருபுறமும் 9 மி.மீ.க்கும் மேலாக வெளியே நீளும். புதுப் பலகையும் ரெயிலில் சாய்ந்தே நிற்கும்.