ரோசா அம்மாளின் பேக்கரி: கேட்டவர்களுக்குப் பதில்

தெற்குக் கலிஃபோர்னியாவில் என் வீட்டு அடுப்பிலேயே கேக் சுட்டு விற்கிறேன். இங்கே பேர்போன போர்ட்டோஸ் பேக்கரியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று தெரிந்தும் கேட்டிருக்கிறீர்கள். இனி உங்கள் பாடு.

மதுரையிலிருந்து: அக்கா, போர்ட்டோஸ் யாருடையது? மெக்சிகோக்காரர்களா?

இல்லை தம்பி, கியூபாக்காரர்கள். ரோசா போர்ட்டோ என்ற அம்மாள் தொடங்கியது. அவருடைய அம்மா ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து கியூபாவுக்கு வந்தவர். கைப்பக்குவம் அவர் கொடுத்தது. காஸ்ட்ரோ ஆட்சியில் நாட்டைவிட்டுப் போக மனுப் போட்டார்கள். போட்டதும் ரோசாவுக்கு வேலை போயிற்று, கணவரை உழைப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள். அக்கம்பக்கத்தாருக்கு ரகசியமாகக் கேக் சுட்டு விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. 1962லிருந்து அங்கே ரேஷன் அட்டை நடைமுறை. முட்டையும் சர்க்கரையும் அளந்து கொடுக்கும் ஊரில் கேக் வியாபாரம் என்றால் யோசித்துப் பாருங்கள்.

1971ல் லாஸ் ஏஞ்சலஸ் வந்தார்கள். இங்கேயும் முதலில் வீட்டு அடுப்புதான். வாங்கியவர்கள் முக்கால்வாசி இவர்களைப் போல வந்திறங்கிய கியூபாக்காரர்கள். 1976ல் சன்செட் புலவார்ட் என்ற சாலையில் கடை போட்டார், வெறும் 300 சதுர அடி. நம் ஊரில் ஒரு டீக்கடையும் பெஞ்சும் போட்டால் நிறைந்துவிடும்.

டொராண்டோவிலிருந்து: அங்கே ஒரு பலகாரத்துக்கு 'அகதி' என்று பெயராமே, உண்மையா அக்கா?

உண்மை. ஸ்பானிஷில் ரெஃபுஹியாதோ. கொய்யா அல்வாவும் க்ரீம் சீஸும் வைத்த பப்ஸ். பெயரைக் கேட்டதும் நீங்கள் ஏன் நின்றீர்கள் என்று புரிகிறது. எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது.

செய்வது கஷ்டமில்லை, ஆனால் ஏமாற்றும். நான் முதலில் செய்தபோது புட்டியில் வரும் கொய்யா ஜாமை வைத்துவிட்டேன். சூடு ஏறியதும் ஜாம் இளகி ஓரமாக வழிந்து, தட்டில் கருகி, வீடு முழுக்கப் புகை. வேண்டியது ஜாம் இல்லை, கட்டியாக விற்கும் கொய்யா அல்வா. பழத்தின் பெக்டினும் சர்க்கரையும் சேர்ந்து இறுகும்வரை காய்ச்சியது, அதனால் அடுப்பிலும் அவ்வளவாக ஓடாது. விரல் தடிமனுக்கு வெட்டி, குளிர்ந்த மாவின் மேல் வையுங்கள். பக்கத்தில் சீஸ். மேல் மாவில் கத்தியால் இரண்டு மூன்று கீறல், ஆவி போக வழி வேண்டுமே. முட்டை பூசி 200 டிகிரி செல்சியஸில் இருபது இருபத்தைந்து நிமிஷம். மாவு வெதுவெதுப்பாகிவிட்டால் அடுக்கு பிரியாது. சோம்பல் படாமல் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள்.

சென்னையிலிருந்து: போர்ட்டோஸில் விற்கும் பொட்டேட்டோ பால் (உருளைக்கிழங்கு உருண்டை) என்பது நம் போண்டாதானே?

போண்டாவைத் திருப்பிப் போட்ட மாதிரி. உருளைக்கிழங்கு வெளியே, மசாலா சேர்த்த மாட்டுக்கறிக் கொத்து உள்ளே. கடலை மாவு கிடையாது, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். சொந்தப் பெயர் பாப்பா ரெயேனா.

ஃப்ரீமாண்டிலிருந்து: ரோசா மாதிரி நானும் வீட்டிலிருந்தே விற்கலாமா?

தாராளமாக. அவர் காலத்தில் இல்லாத சட்டம் இப்போது இருக்கிறது. 2013 முதல் கலிஃபோர்னியாவில் வீட்டுச் சமையலறையில் செய்து விற்கலாம். கவுண்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரி, அதன் சுகாதாரத் துறையில் பதிய வேண்டும். நேரே வாடிக்கையாளருக்கு மட்டும் விற்றால் ஏ வகுப்பு, கடைகளுக்கும் கொடுத்தால் பி வகுப்பு. பி வகுப்புக்குச் சமையலறையை வந்து பார்ப்பார்கள். வருஷ விற்பனை உச்சவரம்பு 2022ல் ஏ வகுப்புக்கு 75,000 டாலர், பி வகுப்புக்கு 1,50,000 டாலர் என்று வைத்தார்கள். விலைவாசிக்கு ஏற்ப உயரும். வீட்டுச் சமையலறையில் செய்தது என்று லேபிளில் போட்டே ஆக வேண்டும். க்ரீம், கஸ்டர்ட், கறி நிரப்பிய பண்டங்கள் கூடாது. ஆக, போர்ட்டோஸின் பேர்போன சரக்கில் பாதியை நீங்கள் வீட்டில் செய்து விற்க முடியாது!

கோவையிலிருந்து: என் பாட்டியின் அதிரசத்தைப் பிராண்ட் ஆக்க ஆசை. 'பரம்பரைப் பக்குவம்' என்று போட்டால் விற்குமா?

முதல் டப்பா விற்கும். இரண்டாவது டப்பாவுக்கு அந்த வரி உதவாது, கண்ணு. ஒவ்வொரு தடவையும் அதே ருசி வர வேண்டும், அதற்கு அவசரப்படக் கூடாது. ரோசா 1982ல் க்ளெண்டேலில் பெரிய இடத்துக்குப் போனார். அடுத்த கிளை, பர்பாங்க்கில், எப்போது தெரியுமா? 2006ல். இருபத்து நாலு வருஷம்! பிள்ளைகள் பெட்டி, ராவுல், மார்கரீட்டா மூவரும் கடைக்குள் வந்த பிறகுதான் கிளைகள்: 2010ல் டவுனி, 2017ல் ப்யூனா பார்க், 2019ல் வெஸ்ட் கோவினா. எல்லாம் தெற்குக் கலிஃபோர்னியாவுக்குள்ளேயே. தூரத்து ஊர்க்காரர்களுக்கு உறைய வைத்த பலகாரத்தை அனுப்புகிறார்கள், வீட்டில் சுட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நீங்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. பாட்டி பக்கத்தில் தராசோடு உட்காருங்கள். அவர் 'ஒரு கை' என்று போடுவதற்கு முன் அந்தக் கையை நிறுத்தி, மாவைத் தட்டில் வாங்கி, கிராமில் எழுதுங்கள். பாகு பதத்துக்கு வெப்பமானி வையுங்கள். திட்டுவார். எழுதுங்கள். நான் என் அம்மாவின் ரவை கேக்கை எழுதாமல் விட்டேன், இன்னும் அந்த ருசி வரவில்லை.

திருச்சியிலிருந்து: ரோசா அம்மாள் இருக்கிறாரா? அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சலஸ் வருகிறேன்.

2019 டிசம்பரில் காலமானார், 89 வயது. கடை ஜேஜே என்று நடக்கிறது. வார நாளில் காலையிலேயே போங்கள். சனி, ஞாயிறு வரிசையில் கால் கடுத்துவிடும். சீஸ் ரோலை ஒன்றிரண்டு வாங்கிவிட்டு அப்புறம் வருத்தப்படாதீர்கள், டஜனாகவே வாங்குங்கள்.