கேளுங்கோ, கதைப்பம்: 12 ரப், 38 பிள்ளையள்

பள்ளிக்கூடத்திலை ரப்லெட் வைச்சுப் படிப்பிக்கிறதைப் பற்றி உங்களுக்கு என்ன கேக்கவேணுமோ எழுதுங்கோ எண்டு போன இதழிலை சொல்லியிருந்தன். துணுக்காயிலை இருந்து விசுவமடு மட்டும் கடிதம் வந்திருக்கு. எல்லாத்தையும் போட இடமில்லை, கனபேருக்குப் பொதுவா உதவக்கூடிய நாலைத் தெரிஞ்செடுத்திருக்கிறன்.

கேள்வி: அக்கா, வெளிநாட்டிலை இருக்கிற பழைய மாணவர் எங்கட பள்ளிக்கூடத்துக்கு 12 ரப் அனுப்பினவை. தரம் 8 இலை 38 பிள்ளையள். அதிபர் திறப்பைத் தந்து "பாவியுங்கோ, பழுதாக்காமல் பாவியுங்கோ" எண்டு சொன்னவர். ஒருநாள் குடுத்துப் பாத்தன், ஒரே சத்தம், ஆளையாள் போட்டோ எடுக்கினம், மணி அடிச்சிட்டுது, பாடம் ஒண்டும் போகேல்லை. இண்டநெட்டும் விட்டுவிட்டுத்தான் வரும். என்னெண்டு செய்யிறது? (விஞ்ஞான ஆசிரியை, துணுக்காய்)

பதில்: தங்கச்சி, முதல் நாள் அப்பிடித்தான் இருக்கும், அதுக்கு நீங்கள் மனம் விடாதேங்கோ. புதுச்சாமானைக் கையிலை குடுத்தால் பிள்ளையள் முதல்லை அதைத்தான் பாப்பினம், பாடத்தைப் பாக்காயினம். அதாலை முதல் பாடவேளையை விளையாடவே விடுங்கோ, போட்டோ எடுக்கட்டும், அழிக்கட்டும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கட்டும். அந்த ஆசை அடங்கினாப் பிறகுதான் வேலை தொடங்கும்.

12 ரப் காணாது எண்டு யோசிக்காதேங்கோ. எனக்கு 38 ரப் தந்தாலும் நான் 12 தான் வெளியிலை எடுப்பன். மூண்டு பேர் படி பத்துக் குழு, நாலு பேர் படி ரெண்டு குழு, கணக்குச் சரி. ஆளுக்கொண்டு குடுத்தால் ஒவ்வொருத்தரும் தங்கட ஸ்கிரீனுக்குள்ளை போயிடுவினம், மூண்டு பேருக்கு ஒண்டெண்டால் கதைச்சே ஆகவேணும், "இல்லையடா அப்பிடி வராது" எண்டு ஒருத்தன் மறுக்கவேணும், மற்றவள் ஏன் எண்டு கேக்கவேணும், படிப்பு நடக்கிறது அந்த இடத்திலைதான். ஒருத்தர் ரப்பைப் பிடிக்க, ஒருத்தர் என்ன செய்யிறதெண்டு சொல்ல, ஒருத்தர் கொப்பியிலை எழுத, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா நீங்கள் கை தட்டினால் ஆள் மாறவேணும். இது இல்லாட்டி கெட்டிக்காரப் பிள்ளை ஒண்டு கடைசிவரைக்கும் வைச்சிருக்கும், பின்வாங்கிலை இருக்கிறது எட்டிப் பாத்துக்கொண்டே வீட்டை போகும்.

ஒரு பாடத்தைச் சொல்லுறன், நான் கனதரம் செய்து பாத்தது. மின்சுற்று. கொலராடோ பல்கலைக்கழகத்திலை 2002 இலை தொடங்கின ‘ஃபெட்’ (PhET) எண்டு ஸ்கிரீனிலையே பரிசோதனை செய்து பாக்கிற தளம் ஒண்டு இருக்கு, பௌதிகத்துக்கு நோபல் பரிசு எடுத்த கார்ல் வீமன் தொடக்கிவைச்சது, முழுக்க இலவசம். அதிலை மின்கலம், வயர், மின்குமிழ், ஆளி எல்லாம் விரலாலை இழுத்துப் பொருத்தலாம். நல்ல விசயம் என்னெண்டால் ஒவ்வொண்டையும் தனித்தனி பைலா இறக்கி வைக்கலாம், ரவுணுக்குப் போகேக்கை நல்ல லைன் கிடைக்கிற இடத்திலை ஒருக்கா இறக்கி மெமரி கார்ட்டிலை போட்டுக்கொண்டு வந்தால் பிறகு இண்டநெட் தேவையே இல்லை. சிலது தமிழிலையும் இருக்கு, இல்லாததிலையும் எழுத்துக் குறைவு, படத்தைப் பாத்தே பிள்ளையள் பிடிச்சிடுவினம்.

ஆனால் ரப்பை உடனை குடுக்காதேங்கோ. முதல் பத்து நிமிசம் கரும்பலகையிலை ஒரு மின்கலமும் தொடரா (ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா) ஒரே மாதிரியான ரெண்டு மின்குமிழும் கீறிப்போட்டு, எது கூடப் பிரகாசமா எரியும் எண்டு கொப்பியிலை எழுதச் சொல்லுங்கோ, ஏன் எண்டும் எழுதவேணும். பாருங்கோ, அரைவாசிப் பேராவது மின்கலத்துக்குக் கிட்ட இருக்கிறதுதான் கூட எரியும், மற்றதுக்குப் போகேக்கை கரண்ட் முடிஞ்சிடும் எண்டு எழுதுவினம். தண்ணி வாய்க்காலிலை வாற மாதிரி நினைக்கிறது, தலைமடைக்காரருக்குக் கூட, கடைமடைக்காரருக்குக் குறைவு, எங்கட பிள்ளையள் வயலிலை கண்டது அதுதானே. அந்த நினைப்பை எழுதி வைச்சபிறகு ரப்பைக் குடுங்கோ, ஒரு பதினைஞ்சு நிமிசம். ரெண்டு குமிழும் ஒரே அளவிலைதான் எரியுது எண்டு காணேக்கை அந்த முகங்களைப் பாக்கவேணும் தங்கச்சி! பிறகு சமாந்தரமாப் பொருத்தச் சொல்லுங்கோ. பிறகு ரப்பைக் கவுட்டு வைக்கச் சொல்லுங்கோ, ஸ்கிரீன் மேசையைப் பாக்க, நீங்கள் கதைக்கிற நேரமெல்லாம் அது கவுண்டுதான் கிடக்கவேணும், இதை முதல் கிழமையே பழக்கிப்போடுங்கோ. மிச்ச நேரம் தாங்கள் முதல்லை எழுதினது ஏன் பிழைச்சது எண்டு தங்கட சொல்லிலை எழுதட்டும். அடுத்த பாடவேளைக்கு ரெண்டு டோர்ச் பற்றரி, வயர்த்துண்டு, சின்ன பல்ப் கொண்டுபோய் நிசமாவும் செய்து காட்டுங்கோ, ஸ்கிரீனிலை கண்டதோடை விட்டால் அது படம் பாத்த மாதிரித்தான்.

போட்டோ எடுக்கினம் எண்டு கவலைப்பட்டியள், அந்தக் கமராதான் ரப்பிலை இருக்கிற ஆகப் பெறுமதியான சாமான். கச்சான் விதையை ஈரத்துணியிலை வைச்சு ஒவ்வொரு நாளும் ஒரே இடத்திலை இருந்து படம் எடுத்து, பத்து நாள் படத்தை வரிசையாப் பாக்கச் சொல்லுங்கோ. பள்ளிக்கூட வளவுக்குள்ளை இலை தேடி நரம்பமைப்பைப் படம் எடுத்து ஒருவித்திலை, இருவித்திலை எண்டு பிரிக்கச் சொல்லுங்கோ. தமிழ் ரீச்சரிட்டையும் சொல்லுங்கோ, வாசிக்கத் தடக்குப்படுகிற பிள்ளை ஒரு பந்தியை வாசிச்சு ரெக்கோட் பண்ணி தானே கேட்டு, பேந்தும் ஒருக்கா வாசிச்சு ரெக்கோட் பண்ணட்டும். எல்லாருக்கும் முன்னாலை எழும்பி வாசிக்க வெக்கப்பட்டு ஒரு தவணை முழுக்க வாய் திறக்காத பிள்ளை ஒண்டு மரத்துக்குக் கீழை ரப்போடை இருந்து ஒரே பந்தியை ஏழுதரம் வாசிச்சதை நான் என்ர கண்ணாலை கண்டனான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்லுறன் எண்டால், சாமானைக் குடுத்தால் படிப்பு தானா வரும் எண்டு நம்பி உலகத்திலை கன காசு போயிருக்கு. பெரு நாட்டிலை கிராமப் பள்ளிக்கூடங்களுக்கு லாப்டொப் குடுத்து, 319 ஆரம்பப் பள்ளிக்கூடங்களை எடுத்துப் பாத்த ஆய்வு 2012 இலை வந்தது, கணிதத்திலையும் மொழியிலையும் முன்னேற்றம் எண்டு ஒண்டும் காணேல்லை. குடுத்தவை, ஆனால் அதை வைச்சு எப்பிடிப் படிப்பிக்கிறது எண்டதிலை ரீச்சர்மாருக்குப் போதிய துணை கிடைக்கேல்லை. நீங்கள் கேட்ட கேள்வியை அவை முதலே கேட்டிருக்கவேணும்.

கேள்வி: ரீச்சர், என்ர மூத்தவள் தரம் 5, இளையவனுக்கு மூண்டு வயசு. பள்ளிக்கூடத்திலை ரப் பாவிக்கத் தொடங்கினாப் பிறகு வீட்டையும் போனைக் கேட்டு அழுறாள், அவளைப் பாத்து அவனும். கொரோனா நேரம் வட்சப்பிலை படிப்பிச்சவைதானே, அந்தப் பழக்கம் எண்டு இவர் சொல்லுறார். கண்ணுக்குக் கூடாதோ? (ஒரு அம்மா, விசுவமடு)

பதில்: அம்மா, உங்கட பயம் ஞாயமானது. 2020 மார்ச்சிலை பள்ளிக்கூடம் பூட்டினாப் பிறகு ஒரு வீட்டிலை ஒரு போனும் மூண்டு பிள்ளையளுமா நாங்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும், அப்ப வேற வழி இருக்கேல்லை. இப்ப இருக்கு.

சின்னவனுக்குக் குடுக்காமல் விடுறதுதான் நல்லம். ரெண்டு வயசிலை இருந்து நாலு வயசு மட்டும் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலை வேண்டாம், குறைய எண்டால் இன்னும் நல்லம் எண்டு உலக சுகாதார நிறுவனம் 2019 இலை சொன்னது. சோறு தீத்தேக்கை போனைக் காட்டுற பழக்கம் இருந்தால் முதல்லை அதை நிப்பாட்டுங்கோ.

மூத்தவளிட்டை "இண்டைக்கு ரப்பிலை என்ன செய்தனீ" எண்டு கேளுங்கோ. "விளையாடினனாங்கள்" எண்டு மட்டும் ஒவ்வொரு நாளும் சொன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கதைக்க உங்களுக்கு உரிமை இருக்கு. கண்ணுக்கு, இருபது நிமிசத்துக்கு ஒருக்கா தலையை நிமித்தி தூரத்து மரத்தைக் கொஞ்சநேரம் பாக்கவேணும், பின்னேரத்திலை வெளியிலை வெளிச்சத்துக்கை ஓடி விளையாடவேணும், வெளியிலை கூட நேரம் நிக்கிற பிள்ளையளுக்குக் கிட்டப்பார்வை வாறது குறைவு எண்டு ஆய்வுகளிலை கண்டிருக்கினம். படுக்கைக்கு போன் போகக்கூடாது. கையெழுத்தையும் விடாதேங்கோ, புலமைப்பரிசில் பேப்பர் கையாலைதான் எழுதோணும்.

கேள்வி: கணிதப் பேப்பர் எல்லாம் பாமினியிலை டைப் பண்ணி வைச்சிருக்கிறன். ரப்பிலை திறந்தால் ஆங்கில எழுத்தும் குத்தும் கோடுமாத்தான் வருது. திரும்ப டைப் பண்ணவேணுமோ? (ஆசிரியர், நெடுங்கேணி)

பதில்: வேண்டாம் சேர். பாமினி எண்டது ஆங்கில எழுத்துக்கு மேலை தமிழ் உருவத்தைப் போர்த்தினது, அந்த எழுத்துரு ரப்பிலை இல்லாட்டி போர்வை கழண்டிடும். கொம்பியூட்டரிலை வைச்சே பீ.டி.எப் ஆக்கி அனுப்புங்கோ, அப்பிடியே தெரியும். பிள்ளையள் மாத்தி எழுதவேண்டிய பேப்பர் எண்டால் மட்டும் யுனிகோட்டுக்கு (போன், ரப், கொம்பியூட்டர் எல்லாத்திலையும் தெரியிற எழுத்துமுறை) மாத்துங்கோ, மாத்தித்தாற தளங்கள் இலவசமா இருக்கு, மாத்தினாப் பிறகு ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. பாடப்புத்தகம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்திலை தமிழிலையே பீ.டி.எப் ஆக் கிடக்கு, கல்வி அமைச்சின்ர ஈ-தக்சலாவ தளத்திலையும் பாடங்கள் இருக்கு. கணிதத்துக்கு ஜியோஜிப்ரா (GeoGebra) எண்ட, உருவம் கீறிப் பாக்கிற அப்பையும் போட்டு வையுங்கோ, முக்கோணியின்ர ஒரு மூலையைப் பிள்ளை விரலாலை இழுக்க இழுக்க மூண்டு கோணமும் மாறும், கூட்டினால் 180 தான். கரும்பலகையிலை நூறு முக்கோணி கீற ஏலாது சேர்.

கேள்வி: அக்கா, எங்கட பள்ளிக்கூடத்திலையும் ரப் இருக்கு, ஆனால் பழுதாப்போயிடும் எண்டு அலுமாரிக்கை வைச்சுப் பூட்டிக் கிடக்கு. நாங்கள் கேட்டால் மரியாதைக்குறைவோ? (தரம் 10 மாணவி, முல்லைத்தீவு மாவட்டம்)

பதில்: இல்லைப் பிள்ளை, கேக்கலாம். பூட்டி வைச்சாலும் பழுதாகும், அதைத்தான் நீங்கள் சொல்லவேணும். நான் முந்திப் படிப்பிச்ச ஒரு இடத்திலை தகரக்கூரைக்குக் கீழை அலுமாரிக்குள்ளை ரெண்டு வருசம் கிடந்த பெட்டியைத் திறக்க, கனக்க ரப்பின்ர முதுகு வீங்கி ஸ்கிரீன் கழண்டு நிண்டது. எனக்கு அண்டைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கேல்லை. ஆரோ குளிருக்குள்ளை வேலை செய்து சேத்த காசு அது. பற்றரிக்குச் சூடு ஆகாது, சுத்தமா இறங்கிக் கிடக்கிறதும் ஆகாது. லீவுக்குப் பூட்டேக்கை அரைவாசிச் சார்ஜிலை, குளிர்ச்சியான அறையிலை வைக்கவேணும், மாசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாக்கவேணும். வீங்கினதைச் சார்ஜ் போடவோ குத்தவோ கூடாது, விலத்தி வைச்சு ரீச்சரிட்டைச் சொல்லுங்கோ.

அதிபரிட்டைச் சும்மா போகாமல் ஒரு தாளோடை போங்கோ. ரப்புக்கு 1, 2, 3 எண்டு நம்பர் ஒட்டுறம், எந்த நம்பர் எந்தக் குழுவிட்டை எண்டு எழுதுறம், எடுக்கேக்கை எண்ணி, வைக்கேக்கை எண்ணிக் கையெழுத்து வைக்கிறம், கிழமைக்கு ரெண்டு பேர் சார்ஜ் பொறுப்பு, முதல்லை ஒரு பாடவேளை மட்டும் தாங்கோ, ரீச்சர் நிக்கேக்கை மட்டும். ஒரு அப்பை மட்டும் திறந்து பின் (PIN) நம்பர் போட்டுப் பூட்டுற வசதி அன்ரொயிட்டிலையே இருக்கு, செட்டிங்கிலை பாதுகாப்புப் பகுதியிலை தேடினால் வரும், அதையும் ரீச்சருக்குக் காட்டுங்கோ. எந்தப் பாடத்துக்கு எண்டும் தாளிலை எழுதுங்கோ, அதிபர் முதல்லை அதைத்தான் கேப்பார்.